சொன்ன அளவு வேறு, காட்டுகிற அளவு வேறு: ஜிபி, எம்பி கணக்குச் சிக்கல்களைப் பிரித்துப் பார்க்கும் வழி

ஹாட் டிஸ்க் வாங்கியவர், இணையப் பேக்கேஜ் மாற்றியவர், கடைக்குக் கமரா பூட்டியவர் என்று எல்லாரும் கடைசியில் ஒரே முறைப்பாட்டோடுதான் வந்து நிற்பார்கள்: சொன்ன அளவு வேறு, காட்டுகிற அளவு வேறு. கொழும்பில் கொம்பியூட்டர் திருத்தும் வேலையில் இருக்கிற யாருக்கும் இது பழகிப்போன விஷயம். பெரும்பாலும் பொருளில் பழுது இருக்காது, அலகு மாறியிருக்கும். அதற்காக, 'எல்லாம் கணக்குத்தான், போயிட்டு வாங்க' என்று அனுப்பிவிடவும் கூடாது. உண்மையான பழுதும் அப்பட்டமான ஏமாற்றும் இதே முறைப்பாட்டோடுதான் வந்து சேரும். எது கணக்கு, எது பழுது என்பதை வீட்டிலேயே பிரித்துப் பார்க்க முடியும். காசையும் அலைச்சலையும் மிச்சப்படுத்துகிற வேலை அது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். காட்டுகிற எண்ணை, சொன்ன எண்ணால் வகுங்கள். போனில் இருக்கிற கல்குலேட்டர் போதும். விடை 0.93 பக்கம் வந்தால் 1000க்கும் 1024க்கும் உள்ள வித்தியாசம், பயப்பட ஒன்றுமில்லை. டெராபைட்டை டெராபைட்டாகவே காட்டும்போது அது 0.91 ஆக இருக்கும். விடை 0.125 அல்லது அதைவிடக் கொஞ்சம் குறைவு என்றால் பிட்டும் பைட்டும் கலந்துவிட்டது. இந்த இரண்டிலும் சேராமல் 0.5, 0.03 என்று ஏதாவது வந்தால், அப்போதுதான் ஆளைக் கூப்பிட வேண்டும், கடைக்குப் போக வேண்டும், சண்டை போட வேண்டும்.

## அடிப்படை: 8உம் 1024உம்

8 பிட் சேர்ந்தால் 1 பைட். பைல், டிஸ்க், மெமரி எல்லாவற்றையும் பைட்டில் அளப்பார்கள். இணைய வேகம், நெட்வேர்க் வேகம், கமரா செக்கனுக்கு அனுப்பும் அளவான பிட்ரேட் எல்லாம் பிட்டில். ஆங்கிலத்தில் சுருக்கி எழுதும்போது சின்ன 'பி' பிட், பெரிய 'பி' பைட். விளம்பரப் பலகைகளில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்துவிடுவார்கள். அதனால் எழுத்தை நம்பாமல், எதை அளக்கிறார்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கிலோ என்றால் 1000, மெகா என்றால் 10 இலட்சம், கிகா என்றால் 100 கோடி. டிஸ்க் தயாரிக்கிறவர்கள் இந்த முறைப்படிதான் பெட்டியில் அச்சடிக்கிறார்கள். மெமரி மட்டும் இரண்டின் அடுக்காகவே வளர்வதால், கொம்பியூட்டர் துறையில் 1024ஐயும் கிலோ என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு 1998 இல் 1024 கணக்குக்கு கிபிபைட், மெபிபைட் என்று தனிப் பெயர்கள் வைத்தது. லினக்ஸ் மென்பொருள்கள் பலவற்றில் அலகின் நடுவே ஒரு சின்ன 'ஐ' எழுத்து வருவது இதற்காகத்தான். விண்டோஸ் இன்றைக்கும் 1024ஆல் வகுத்துவிட்டுப் பழைய பெயரையே போடுகிறது. ஆப்பிள் 2009 இல் வெளியிட்ட ஸ்னோ லெபர்டிலிருந்து 1000 கணக்குக்கு மாறிவிட்டது. அண்ட்ரொய்டும் 8ஆம் பதிப்பிலிருந்து பைல் அளவை 1000 கணக்கில்தான் காட்டுகிறது. ஒரே டிஸ்க், மேக்கில் ஓர் எண்ணும் விண்டோஸில் வேறோர் எண்ணும் காட்டுவது இதனால்தான்.

அலகு பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் கூடும். கேபியில் நூற்றுக்கு 2.3, எம்பியில் 4.6, ஜிபியில் 6.9, டிபியில், அதாவது டெராபைட்டில், 9.1. அந்தக் காலத்து டிஸ்கில் யாரும் கவனிக்காத வித்தியாசம் இப்போது எல்லாருடைய கண்ணையும் குத்துவது அதனால்தான்.

## அறிகுறி: 1 டிபி டிஸ்க், 931 ஜிபி காட்டுகிறது

931ஐ 1000ஆல் வகுத்தால் 0.931. டிஸ்க் நல்லது. திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம்.

நம்பிக்கை வரவில்லை என்றால் கண்ணாலேயே பார்க்கலாம். விண்டோஸில் அந்த டிரைவின் மேல் வலது கிளிக் செய்து புரொப்பட்டீஸைத் திறவுங்கள். வட்டப் படத்துக்கு மேலே, ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்கள் இருக்கும்: இடப்பக்கம் முழுப் பைட் எண்ணிக்கை, வலப்பக்கம் ஜிபி. நீங்கள் பார்க்க வேண்டியது இடப்பக்கத்தை. 1 டிபி என்று விற்கும் ஹாட் டிஸ்கின் வழக்கமான மொத்த அளவு 1,000,204,886,016 பைட். இதை 1024ஆல் ஒருமுறை வகுத்தால் 976,762,584. இன்னொருமுறை வகுத்தால் 953,869 சொச்சம். மூன்றாம் முறை 931.5. ஒரு பைட்டும் தொலையவில்லை. பார்ட்டிஷனுக்குரிய ஒதுக்கீடு போக, உங்கள் திரையில் அந்தப் பெரிய எண் இதைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கலாம், அதுவும் சரிதான்.

மற்ற அளவுகளுக்கு 0.93ஆல் பெருக்கினால் போதும். 32 ஜிபி பென்டிரைவ் 29.8, 64 ஜிபி 59.6, 128 ஜிபி 119, 500 ஜிபி 465 என்று காட்ட வேண்டும். 2 டிபி டிஸ்க் 1.81 டிபி காட்டும். அமெரிக்காவில் இதற்காக வாடிக்கையாளர்கள் வழக்கே தொடுத்தார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006 இலும் சீகேட் 2007 இலும் அவற்றைச் சமரசமாக முடித்துக்கொண்டன. ஆகவே, இது உங்களுக்கு மட்டும் வந்த சந்தேகம் இல்லை.

புது லெப்டொப்பில் கணக்கு இன்னும் கொஞ்சம் இடிக்கும். 512 ஜிபி எஸ்எஸ்டி என்றால் 476 காட்ட வேண்டும். சி டிரைவ் 460 தான் காட்டினால், மிச்சத்தைத் தயாரிப்பாளர் ரிக்கவரி பார்ட்டிஷனுக்கு ஒதுக்கியிருப்பார். டிஸ்க் மெனேஜ்மன்ட்டைத் திறந்து எல்லாத் துண்டுகளையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 476க்கு வந்தால் விஷயம் முடிந்தது.

ரேம் இந்தக் கணக்கில் சேராது. 8 ஜிபி ரேம் உண்மையிலேயே 1024 கணக்கில் 8 ஜிபிதான். 7.8 பாவிக்கலாம் என்று காட்டினால், மிச்சத்தைக் கிராபிக்ஸும் வன்பொருளும் பிடித்து வைத்திருக்கின்றன.

## அறிகுறி: 2 டிபி பென்டிரைவ் சரியான அளவைக் காட்டுகிறது, ஆனால் போட்ட படங்கள் திறக்கவில்லை

இங்கே வகுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக வரும். 1.81 டிபி, விகிதம் 0.91. கணக்கு சரி, பொருள்தான் பொய்.

நடைபாதையிலும் ஒன்லைனிலும் நம்ப முடியாத விலைக்கு வரும் பெரிய பென்டிரைவ்கள் பலவற்றில் உள்ளே இருப்பது 32 அல்லது 64 ஜிபி சிப். அதன் கன்ட்ரோலரை 2 டிபி என்று சொல்லும்படி மாற்றி வைத்திருப்பார்கள். உண்மையான இடம் முடிந்த பிறகு போடுகிற பைல்கள் பெயரளவில் மட்டும் தெரியும், அல்லது பழையவற்றின் மேலேயே எழுதப்படும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப என்று குடும்பப் படங்களை இதில் ஏற்றிவிட்டு, போனிலிருந்து அழித்தும் விடுகிறார்கள். அந்த இழப்பை யாராலும் திருத்திக் கொடுக்க முடியாது. அதனால்தான் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

எழுதி, திரும்ப வாசித்துப் பார்ப்பதைத் தவிர வேறு சோதனையை நம்ப வேண்டாம். விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கும் மேக்குக்கும் எஃப்3. இரண்டும் இலவசம். வெறும் டிரைவில் ஓட்டுங்கள். எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்குப் போடலாம்: செக்கனுக்கு 20 எம்பி எழுதும் பென்டிரைவில் 64 ஜிபியை நிரப்ப 3200 செக்கன், அதாவது 53 நிமிடம். அதே வேகத்தில் 2 டிபி என்றால் எழுத மட்டும் 27 மணித்தியாலத்துக்கு மேல். முழுவதும் ஓட விடுங்கள். இடையில் பிழை காட்டினால், காசைத் திருப்பிக் கேட்க அந்த அறிக்கையே கையில் ஆதாரம்.

## அறிகுறி: 100 எம்பிபிஎஸ் பேக்கேஜ், டவுன்லோட் 11தான் காட்டுகிறது

11 ÷ 100 = 0.11. எம்பிபிஎஸ் என்று இணைய நிறுவனம் சொன்னது செக்கனுக்கு மெகாபிட், பிரவுசர் காட்டுவது செக்கனுக்கு மெகாபைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. டேட்டா சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் போகும், ஒவ்வொரு பொதியிலும் முகவரி, சரிபார்ப்பு என்று போகும் பகுதியைக் கழித்தால் 11க்கும் 12க்கும் இடையில் வந்து நிற்கும். உங்களுக்குக் கிடைப்பது முழு வேகம்.

ஆனால் 3 காட்டினால் விகிதம் 0.03. அது அலகுப் பிரச்சினை இல்லை. முதலில் வைஃபையை விட்டுவிட்டு ரௌட்டரிலிருந்து நேரடியாக ஒரு கேபிள் போட்டுச் சோதியுங்கள். கேபிளில் சரியாக வந்தால் குற்றம் வைஃபையில். கேபிளிலும் வரவில்லை என்றால், இரவு 8 மணிக்கு ஒருமுறையும் விடியப்புறம் ஒருமுறையும் ஸ்பீட் டெஸ்ட் எடுத்து, இரண்டு படங்களையும் வைத்துக்கொண்டு நிறுவனத்துக்கு அழையுங்கள். அழைக்கும்போது எம்பிபிஎஸ் கணக்கிலேயே பேசுங்கள். 'எனக்கு 3 எம்பிதான் வருது' என்று சொன்னால் அவர்கள் பிட்டா பைட்டா என்று கேட்பதிலேயே நேரம் போய்விடும். '100க்குப் பதில் 25 எம்பிபிஎஸ் வருது, கேபிளில் சோதிச்சது' என்றால் பேச்சு நேரே விஷயத்துக்கு வரும்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு அறிகுறி இருக்கிறது. அலுவலகத்துக்குள்ளேயே, ஒரு கொம்பியூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கொப்பி செய்யும்போது விண்டோஸ் பெட்டியில் 11.3 என்று ஓர் எண் வந்து அசையாமல் நிற்கும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இரண்டு பக்கமும் கிகாபிட் கார்ட், ஸ்விட்சும் கிகாபிட், இருந்தும் 11.3. அந்த எண்ணைக் கண்டால் வேறு எங்கேயும் தேட வேண்டாம். 100 மெகாபிட்டை 8ஆல் வகுத்து, பொதிகளின் மேல்சுமையாக நூற்றுக்கு 5 கழித்து, விண்டோஸின் 1024 கணக்குக்கு மாற்றினால் வருவது துல்லியமாக 11.3. அதாவது எங்கோ ஓர் இணைப்பு கிகாபிட்டிலிருந்து 100க்கு இறங்கிவிட்டது.

நெட்வேர்க் கார்டின் ஸ்டேட்டஸைத் திறந்தால் ஸ்பீட் என்ற வரியில் 100 எம்பிபிஎஸ் என்று இருக்கும். கிகாபிட்டுக்கு கேபிளில் உள்ள எட்டு வயரும் வேண்டும், 100க்கு நான்கு போதும். மற்ற நான்கில் ஒரு வயர் விட்டுப்போனால் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருக்கும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கட்டிடங்களில் உப்புக்காற்று மலிவான கனெக்டர்களின் தொடுமுனைகளை அரித்துவிடும். முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் கிரிம்ப் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியானதும் கொப்பி வேகம் 110 தாண்டும், டிஸ்க் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தால்.

## அறிகுறி: கமராப் பதிவு 30 நாள் நிற்கும் என்றார்கள், 11 நாள்தான் இருக்கிறது

செட்டியார் தெரு நகைக்கடையோ, புறக்கோட்டைத் துணிக்கடையோ, கேள்வி ஒன்றுதான்: 'தம்பி, ஒரு மாசம் நிற்கும் எண்டுதானே பூட்டினவங்க, போன கிழமைக்கு முந்தின கிழமை ஒண்டுமே இல்லையே.' கள்வன் வந்துபோன பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. அதனால் பொறுமையாகப் பார்ப்போம்.

கமராவின் பிட்ரேட் எம்பிபிஎஸ்ஸில் இருக்கும், டிஸ்க் ஜிபியில். நடுவில் ஒரு நாளுக்கு 86,400 செக்கன். 1 எம்பிபிஎஸ்ஸை 8ஆல் வகுத்து 86,400ஆல் பெருக்கினால் 10,800 எம்பி, அதாவது 10.8 ஜிபி. இந்த 10.8ஐ எங்காவது எழுதி ஒட்டி வையுங்கள். எம்பிபிஎஸ்ஸை 10.8ஆல் பெருக்கினால் ஒரு கமரா ஒரு நாளுக்கு எடுக்கும் ஜிபி.

கமராப் பதிவைச் சேமிக்கும் பெட்டியான டிவிஆரில் என்கோட் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு கமராவுக்கும் என்ன பிட்ரேட் என்று பாருங்கள். 2 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கமராவுக்கு 21.6 ஜிபி. நான்கு கமராவுக்கு 86.4 ஜிபி. 1 டிபி டிஸ்கில் 1000ஐ 86.4ஆல் வகுத்தால் பதினொன்றரை நாள். பூட்டியவர் பிழை செய்தது டிஸ்கின் அளவில். கருவி சரியாகத்தான் ஓடுகிறது.

கணக்கைப் போடும்போது ஒரு கவனம் வேண்டும். டிவிஆர் 931 என்று காட்டுகிறது என்பதற்காக 931ஐ 86.4ஆல் வகுக்காதீர்கள். 86.4 என்பது 1000 கணக்கில் வந்த எண், 931 என்பது 1024 கணக்கு. இரண்டையும் கலந்தால் இல்லாத ஏழு வீதம் நஷ்டம் கணக்கில் வந்துவிடும். பெட்டியில் அச்சடித்த அளவையே எடுங்கள். பல டிவிஆர்களில் பிட்ரேட் 2048 கேபிபிஎஸ் என்று இருக்கும். அதைத் துல்லியமாகப் போட்டால் நாளுக்கு 22.1 ஜிபி, அதாவது 1 டிபிக்கு 11.3 நாள். குரலும் பதிவானால் 64 கேபிபிஎஸ்ஸுக்கு நாளொன்றுக்கு ஒரு கமராவுக்கு 0.7 ஜிபி கூடும்.

30 நாள் வேண்டும் என்றால் 86.4 × 30 = 2592 ஜிபி. 3 டிபி போட்டால் மட்டுமட்டாகப் போதும், 4 டிபி போட்டால் 46 நாள் நிற்கும். டிஸ்க் மாற்றக் காசில்லை என்றால் வீடியோவை இன்னும் சுருக்கிப் பதிகிற எச்265 முறையைக் கமராவும் டிவிஆரும் ஏற்குமா என்று பாருங்கள். அதில் பிட்ரேட்டை 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கினால் அதே 1 டிபியில் 23 நாள் வரும். இறக்கிய பிறகு இரவுக் காட்சியில் முகமும் கல்லாப்பெட்டிப் பக்கமும் தெளிவாகத் தெரிகிறதா என்று கட்டாயம் பார்த்துவிடுங்கள். நாள் கூடி முகம் தெரியாமல் போவதில் பிரயோசனம் இல்லை. ஆள் அசைந்தால் மட்டும் பதிகிற முறையும் உண்டு. களஞ்சிய அறைக்கு அது நல்லது. கல்லாப்பெட்டிக்கு மேலிருக்கும் கமராவுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், தொடர்ச்சியாகவே பதியட்டும்.

இனி, கணக்கு 11 நாள் என்று சொல்கிறது, இருப்பது 5 அல்லது 6 நாள் என்றால்? விகிதம் 0.5. சரியாகப் பாதி என்றால் யாரோ பிட்ரேட்டை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள், 4 எம்பிபிஎஸ் இருக்கும். பாதியுமில்லாமல், அங்கங்கே மணித்தியாலக் கணக்கில் இடைவெளி விழுந்திருந்தால் டிஸ்க் பழுதாகிக்கொண்டு வருகிறது. அதை அன்றைக்கே மாற்றுங்கள். நாட்களே முன்பின்னாகத் தெரிந்தால் டிவிஆரின் திகதி மாறிவிட்டது, உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைப் பாருங்கள். சம்பவம் ஏதும் நடந்திருந்தால் இந்தச் சோதனை எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த நேரத்துப் பதிவைப் பென்டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். டிஸ்க் நிறைந்ததும் பழையதின் மேல் எழுதிக்கொண்டே போகும்.

## அறிகுறி: மாச டேட்டா பத்து நாளில் முடிந்துவிட்டது

மேலே சொன்ன பெருக்கலை மணித்தியாலத்துக்குப் போட்டால் 0.45. 1 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓடும் வீடியோ 0.45 ஜிபி எடுக்கும். தெளிவான எச்டி படம் 5 எம்பிபிஎஸ் என்றால் மணித்தியாலத்துக்கு 2.25 ஜிபி. மூன்றரை மணித்தியால டி20 ஆட்டம் ஒன்றுக்கு ஏறக்குறைய 8 ஜிபி போய்விடும். எட்டு மணித்தியால ஒருநாள் ஆட்டத்துக்கு 18 ஜிபி. அதே டி20யை 1.5 எம்பிபிஎஸ் தரத்தில் போனில் பார்த்தால் 2.4 ஜிபிதான். ஆறு அங்குலத் திரையில் அது போதும்.

போன் காட்டும் கணக்கும் நிறுவனத்தின் கணக்கும் பொருந்தவில்லை என்றால், போனில் டேட்டா மாதம் தொடங்கும் திகதியை உங்கள் பேக்கேஜ் தொடங்கும் திகதிக்கு மாற்றுங்கள். அப்புறமும் 0.93 வித்தியாசம் நின்றால் அதை விட்டுவிடலாம். பேக்கேஜில் இரவு டேட்டா தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மொத்த எண்ணைப் பார்த்து வாங்கிவிட்டு, பகலுக்கு அதில் ஒரு பகுதிதான் என்பதைப் பிறகு அறிகிறவர்கள் நிறையப் பேர்.

## அறிகுறி: பென்டிரைவில் இடம் இருக்கிறது, பைல் ஏறவில்லை

பெரிய பைல் ஒன்று ஏற மறுத்தால் பென்டிரைவ் ஃபாட்32 என்ற, பைல்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் பழைய முறையில் இருக்கும். அதில் ஒரு பைலின் உச்ச அளவு 4,294,967,295 பைட். இது விண்டோஸ் கணக்கில் 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு, மேக் கணக்கில் 4.29 ஜிபி. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர் மேக்கில் பார்த்து '4.2 ஜிபிதான் அண்ணா, ஏறும்' என்பார். அது ஏறும். விண்டோஸில் 4.2 என்று காட்டும் பைல் ஏறாது. எண் ஒன்றுதான், பார்த்த இடம் வேறு. உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு எடுத்துவிட்டு, எக்ஸ்ஃபாட் என்ற புதிய முறையில் போமட் செய்தால் தீர்ந்தது. மண்டபத்து டிவி பழையது என்றால் எக்ஸ்ஃபாட்டை அது வாசிக்காமல் விடலாம். அப்போது வீடியோவை இரண்டாக வெட்டுவதுதான் வழி.

பெரிய பைலே இல்லை, பல்லாயிரம் சின்ன பைல்கள்தான், இருந்தும் இடம் நிறைந்துவிட்டது என்றால் எக்ஸ்ஃபாட்டின் துண்டு அளவு காரணம். 32 ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவில் வழக்கமாக ஒரு துண்டு 128 கேபி. 3 கேபி பைலும் ஒரு முழுத் துண்டைப் பிடிக்கும். அப்படி 10,000 பைல் இருந்தால் உள்ளடக்கம் 30 எம்பி, பிடிக்கும் இடம் 1.2 ஜிபிக்கு மேல். ஸிப் செய்து ஒரே பைலாகப் போடுங்கள்.

## அறிகுறி: 25 எம்பி வரை அனுப்பலாம் என்கிறது, 20 எம்பி பைலே போகவில்லை

மின்னஞ்சல் இணைப்பை அனுப்பும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாக மாற்றப்படும். வரி முறிவுகளும் சேர்ந்தால் 20 எம்பி பைல் 27 எம்பி ஆகிவிடும். 25 எல்லைக்குள் போகக்கூடியது உண்மையில் 18 எம்பி அளவுதான். அதற்கு மேல் என்றால் கூகுள் டிரைவில் போட்டு லிங்க் அனுப்புங்கள்.

## அறிகுறி: படம் 100 கேபிக்குள் இருக்கிறது, ஒன்லைன் படிவம் ஏற்கவில்லை

101,900 பைட் உள்ள படத்தை விண்டோஸ் 99.5 கேபி என்று காட்டும், மேக் 102 கேபி என்று காட்டும். படிவம் 1000 கணக்கில் பார்த்தால் திருப்பிவிடும். எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்காமல் 95 கேபிக்குக் கீழே இறக்கிவிடுங்கள். படிவம் எந்தக் கணக்கில் பார்த்தாலும் அது ஏறும்.

## அறிகுறி: தமிழில் மெசேஜ் அனுப்பினால் இரண்டு, மூன்று மெசேஜ் காசு போகிறது

டியூஷன் வகுப்பு நடத்துகிறவர்களும் கோயில் சபைகளும் பெற்றோருக்கும் உபயகாரருக்கும் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும்போது வருவது இது. ஆங்கிலத்தில் ஒன்றாகப் போனது தமிழில் இரண்டாகப் போகிறது, பில் இரட்டிப்பாகிறது. நிறுவனம் கூட்டி எடுக்கவில்லை, இதுவும் பிட் கணக்குத்தான்.

ஒரு எஸ்எம்எஸ்ஸில் இடம் 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும். 1120ஐ 7ஆல் வகுத்தால் 160 எழுத்து. தமிழ், பல மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யுனிகோடில் போகும், குறியீடு ஒன்றுக்கு 16 பிட். 1120ஐ 16ஆல் வகுத்தால் 70தான்.

அந்த 70உம் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. 'நாளை வகுப்பு இல்லை' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்தும் இரண்டு இடைவெளியும், மொத்தம் 11. கருவிக்கு 'நா' என்பது ந ஒன்று, கால் ஒன்று. 'ப்' என்பது ப ஒன்று, புள்ளி ஒன்று. அப்படி எண்ணினால் 18 குறியீடு, 36 பைட்.

முழுக்க ஆங்கிலத்தில் எழுதிவிட்டுக் கடைசியில் 'நன்றி' என்று மட்டும் தமிழில் போட்டாலும் முழு மெசேஜும் 16 பிட்டுக்கு மாறிவிடும். 150 எழுத்து ஆங்கில மெசேஜ் அப்படி மூன்றாக உடையும். வேர்ட்டிலிருந்து கொப்பி செய்யும்போது வரும் வளைந்த மேற்கோள் குறியும் இதே வேலையைச் செய்யும், அதையும் நேர்க்குறியாக மாற்றுங்கள்.

மெசேஜ் நீண்டு துண்டுகளாகப் போகும்போது, துண்டுகளைச் சேர்க்கும் தகவலுக்கு ஒவ்வொன்றிலும் 6 பைட் போய்விடும். மிச்சம் 134 பைட், அதாவது துண்டுக்கு 67 குறியீடு. தமிழில் எழுதும்போது பார்க்க வேண்டிய எல்லைகள் 70, 134, 201. மொத்தமாக அனுப்பும் தளங்கள் பலவற்றில் எழுதும் பெட்டிக்குக் கீழே குறியீட்டு எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். 140 என்று நின்றால் அது மூன்று துண்டு. 'அன்பார்ந்த பெற்றோர்களே' என்பதை 'பெற்றோருக்கு' என்று மாற்றினாலே 134க்குள் வந்து இரண்டாகிவிடும். 500 பெற்றோர் என்றால் 1500 எஸ்எம்எஸ் காசு 1000 ஆகக் குறையும்.